வேண்டுமென்றே தப்பாக எழுதிய தேர்வு

அன்புள்ள அப்பா,

இன்று மருத்துவர் முன்னால் வாய் திறக்கக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்க ஃபுட்பால் சீசன் தொடங்குமுன், பின்னால் தலையில் அடிபட்டால் ஒப்பிடுவதற்காக நீங்கள் எழுதிய ஞாபகத் தேர்வையும், இன்று எழுதியதையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"பெரிய வித்தியாசம் இல்லையே. அப்பவும் இப்படித்தான் இருந்திருக்கீங்க. சிகிச்சை தேவைப்படாது" என்றார்.

நீங்கள் சிரித்தீர்கள். "நான் எப்பவுமே மண்டுதான் டாக்டர். மூளையெல்லாம் என் பொண்ணுக்குத்தான்."

அந்தத் தேர்வு நாளில் எனக்குப் பத்து வயது. ஆட்டத்தில் எதிரணியைத் தடுக்கும் வரிசையில் உங்கள் பக்கத்தில் நிற்கும் ரோஸ்கோ மாமா நம் சமையலறையில் கெளுத்தி மீன் வறுவலைத் தின்றுகொண்டே உங்களிடம் கேட்டார்: "டேய் மலை, எத்தனை தப்பாப் போட்ட?"

"பாதிக்கு மேல! இனி எத்தனை இடி வாங்கினாலும் மார்க் குறைஞ்சிருச்சுன்னு எவனும் என்னை வெளிய உக்கார வைக்க முடியாதுடா!"

அதன்பின் ஐந்து சீசன், ஞாயிறுதோறும் தலையோடு தலை மோதினீர்கள். போன வாரம் என்னைக் காட்டி அம்மாவிடம் ரகசியமாக, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டீர்கள்.

நாளை மருத்துவரிடம் சொல்லிவிடுவேன். நீங்கள் ஏமாற்றியதாகக் கோப்பில் எழுதினால் எழுதட்டும்.

எட்டாம் வகுப்பில் எனக்கு அல்ஜீப்ராவைப் புரியவைத்தது நீங்கள்தான் அப்பா. உங்களுக்கு நினைவில்லாவிட்டால் என்னை நம்புங்கள்.

உங்கள் மகள்