உறைந்த தேங்காயெண்ணெய்

லிந்துலை,
பெப்ரவரி 1962

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்களும் ஐயாவும் சுகமாயிருக்க வேண்டும் என்பதே என் நினைவு. முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், இந்தத் தேயிலை மலையில் குளிர்தான் அதிகம்.

நீங்கள் அனுப்பிய தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிவிட்டது. நல்லெண்ணெய் உறையவில்லை. இரண்டையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். தேங்காயெண்ணெயின் நேரான மூலக்கூறுகள் நெருங்கி நிற்பதால் இளக அதிக வெப்பம் வேண்டும், நல்லெண்ணெயின் வளைந்தவை நெருங்க முடியாமல் சீக்கிரம் இளகிவிடும் என்றேன். நீரின்மேல் தாமாகவே நிமிர்ந்து நின்று மெல்லிய படலமாகும் கொழுப்புகளிலும் நேரானவை நெருங்கி நிற்கும், வளைந்தவை விலகி நிற்கும். பிள்ளைகளைத் தோளோடு தோள் நிறுத்தி, நான்தான் வெப்பம் என்று ஒருத்தியை இழுத்தேன். அசையவில்லை. எல்லோரும் முழங்கையை மடக்கி விலகி நின்றதும் சுலபமாக வந்துவிட்டாள்.

"காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு மாதிரியே இருக்குங்க டீச்சர்!" என்று சண்முகவடிவு சிரித்தாள். வகுப்பில் கெட்டிக்காரி அவள்.

மறுநாள் அவள் தகப்பன் மாயாண்டி வந்தார்.

"தோட்டத்துல பேரு பதிஞ்சாச்சுங்க. நாளையில இருந்து கொழுந்தெடுக்கப் போறா."

"இன்னும் ஒரு வருஷமாவது படிக்கட்டுமே."

"நான் வேணாம்னா சொல்றேன்? லயத்து வீட்டுல ஏழு வயிறு இருக்குங்களே."



இன்று காலை வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் நெருங்கி நின்று அதை மூடிவிட்டார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நல்லெண்ணெயே அனுப்புங்கள். நீங்கள் கட்டிப் பழசான சேலை ஒன்றும் வையுங்கள், போர்த்திக்கொள்ள. துவைக்க வேண்டாம்.

தபால்காரர் வந்துவிட்டார்.

மகள்,
இராசமணி