அண்ணன் கொண்டுவர்ற பேரீச்சம்பழம்

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சோறு அடுப்புமேல இருக்கு. குழம்புல உப்பு கம்மிதான், மூஞ்சியைச் சுளிக்காம சாப்பிடுங்க.

சாயந்திரம் உங்க அண்ணன் ஊர்லேர்ந்து வர்றார். வழக்கம்போல ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடதான் வருவார். "தின்னுடா நோஞ்சான், இரும்புச்சத்து, நார்ச்சத்து, உடம்புக்குத் தெம்பு"ன்னு வாயில திணிக்காத குறைதான். அவர் சொல்றது அத்தனையும் நெசம். ஆனா அதுல பொட்டாசியமும் நிறைய இருக்கு. உங்க கிட்னியால அதை வெளியேத்த முடியாது, ரத்தத்துல தேங்கினா நெஞ்சே நின்னுடும்னு டயாலிசிஸ் நர்ஸம்மா உங்ககிட்டத்தானே சொன்னாங்க?

சர்க்கரை வியாதின்னு சொல்லிச் சமாளிக்கிறேங்குறீங்க. உங்களுக்குப் பொய் வராதுன்னு அவருக்குத் தெரியாதா? பேசாம உண்மையைச் சொல்லிடுங்க. சொன்னா "என் கிட்னியை எடுத்துக்கோடா"ன்னு நிப்பார், மூணு பொண்ணைப் பெத்தவராச்சேன்னு பயப்படுறீங்க. புரியுது. நேத்து நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான். ஆனா குடுக்கிறதா வேணாமான்னு அவர்தானே முடிவு பண்ணணும்? என்னோடது பொருந்தலன்னுட்டாங்க. பொருந்தியிருந்தா உங்களைக் கேட்டுக்கிட்டா நின்னிருப்பேன்?

பஸ்ஸுக்கு நேரமாச்சு, போறேன்.

இன்னொண்ணு. அண்ணன் மனசு நோகுமேன்னு ஒரு பழத்தைக்கூட வாயில போட்டுடாதீங்க. அவர் முகம் வாடினா நாளைக்குச் சரியாயிடும். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான்.