மாமன் உதட்டுப் புள்ளி

கோட்டைப்பட்டினம்,
6-2-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சொர்ணவல்லி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. மதினி போட்ட கார்டு நேற்று வந்தது. மதுரையில் உங்கள் சிறுகுடலில் கட்டியை அறுத்து எடுத்தார்கள், அது புற்று என்று ஒரே வரியில் எழுதிவிட்டார். ஒரு வருஷமாக வயிறு வலித்திருக்கிறது, கூடப்பிறந்தவளுக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மாசாமாசம் நான் கொடுத்தனுப்பிய கருவாட்டினால் வந்ததா? "அம்புட்டு உப்பு கொடல அரிச்சுப்புடும் ஆத்தா" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என் கையாலேயே உங்களுக்கு விஷம் வைத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

வைகாசியில் என் மகள் அழகி உங்கள் வீட்டு மருமகளாக வர வேண்டும். அப்பா பக்கத்தில் இல்லாமல் நாகராசு மணையில் உட்காரக் கூடாது. சீக்கிரம் எழுந்து நடமாடுங்கள்.

தங்கை,
சொர்ணவல்லி

புதுக்கோட்டை,
15-2-1962

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் நல்லதம்பி ஆசியுடன் எழுதுவது. தையல் பிரித்தாயிற்று. வீட்டில்தான் இருக்கிறேன். மூன்று வேளையும் கஞ்சி. தொட்டுக்கொள்ள உன் கருவாடு கேட்டால் உன் மதினி மருதாயி முறைக்கிறாள்.

கருவாட்டின் மேல் பழி போடாதே. டாக்டரிடம் நானே கேட்டேன், கருவாடா, வெற்றிலையா, மிளகாயா என்று. "அந்த இடத்தில் புற்று வருவதே அபூர்வம். ஏன் வருகிறது என்று முழுக்க யாருக்கும் தெரியாது. சாப்பாட்டைக் குற்றம் சொல்ல முடியாது" என்றார். பிறகு என் உதட்டைப் புரட்டிப் பார்த்தார்.

நம் வீட்டு ஆண்கள் உதட்டில் நாவற்பழம் தின்ற மாதிரி கறுப்புப் புள்ளிகள் உண்டே, குலசாமி வைத்த பொட்டு என்று அப்பா மீசையை ஒதுக்கிக் காட்டுவாரே, அதுதானாம் அடையாளம்; கன்னத்தின் உள்ளேயும் விரல் நுனியிலும்கூட வருமாம். அந்தப் புள்ளி உள்ளவர்களின் குடலில் சதை முளைக்குமாம். எல்லோருக்கும் புற்றாகும் என்றில்லை, ஆனால் மற்றவர்களைவிட அதிகம். அப்பாவும் வயிறு முறுக்கித்தானே போனார். பெற்றவரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி இறங்குமாம்.

நாகராசு உதட்டிலும் இருக்கிறது. நீயே தொட்டுக் கொஞ்சியிருக்கிறாய்.

இதை எழுதாமல் விட்டால் கல்யாணம் நடந்துவிடும். ஆனால் நீ கருவாட்டை நினைத்துப் பட்டினி கிடப்பாய், அழகி ஒன்றும் தெரியாமல் வந்து சேர்வாள். மனசு கேட்கவில்லை. உனக்குப் புள்ளி இல்லை, அதனால் அழகிக்கும் பயமில்லை என்றார் டாக்டர். முடிவு உன்னுடையது. என் உடம்பைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு பயமில்லை. மகன் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருக்கிறது.

அண்ணன்,
நல்லதம்பி

கோட்டைப்பட்டினம்,
24-2-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

கருவாட்டால் இல்லை என்று படித்ததும் வந்த நிம்மதி அடுத்த பக்கத்தில் போய்விட்டது. அழகியை வெயிலில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். உதடு, கன்னத்தின் உள்புறம், விரல் நுனி எல்லாம் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாளும் பார்த்தேன். "மாட்டுக்குப் பல்லு பாக்குற மாதிரி ஏம்மா பாக்குறீங்க?" என்று அழுகிறாள். நான் என்ன சொல்லட்டும்?

ஏன் எழுதினீர்கள்? தெரியாமலே இருந்திருப்பேனே. உங்கள் மேல் கோபமாக வருகிறது, நினைத்தால் அழுகையும் வருகிறது. அந்த டாக்டர் தவறாகச் சொல்லியிருக்கலாம். வேறு ஒருவரைக் கேளுங்கள்.

சொர்ணவல்லி

புதுக்கோட்டை,
11-3-1962

அன்புத் தங்கைக்கு,

திருச்சியில் வேறொரு டாக்டரிடம் கேட்டாயிற்று. அவரும் அதையேதான் சொல்கிறார். நாகராசுவின் குடலைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

அவனிடம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டான். அப்புறம், "வேணாம்னு நாமளே சொல்லிருவோம்ப்பா. அத்தை வாயால சொல்ல வைக்கக் கூடாது" என்றான். அதனால் நானே எழுதுகிறேன். அழகிக்கு வேறு நல்ல இடமாகப் பார். மாமன் சீர் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பேன். நடக்க முடியாவிட்டால் வண்டி வைத்துக்கொண்டாவது வருவேன்.

அண்ணன்,
நல்லதம்பி

கோட்டைப்பட்டினம்,
20-5-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

அறந்தாங்கியில் இடம் அமைந்துவிட்டது. ஆனியில் கல்யாணம். தாய்மாமன் வீட்டுச் சம்பந்தம் ஏன் நின்றது என்று கேட்டார்கள். ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியிருக்கிறோம்.

மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். உங்கள் உதட்டைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். பெண்ணுக்கும் இருக்கும் என்று பேச்சு கிளம்பும். இல்லை என்று நான் எத்தனை பேருடைய வாயை அடைப்பேன்? அவளை எல்லோர் முன்னாலும் வாயைத் திறக்கச் சொன்னாலும் சொல்வார்கள்.

சீரை மதினியிடம் கொடுத்தனுப்புங்கள். அவர் உதட்டில் ஒன்றும் இல்லை. நாகராசுவும் வர வேண்டாம். அண்ணன் எங்கே என்று கேட்டால் உடம்பு முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

எனக்காகத்தான் உண்மையைச் சொன்னீர்கள். அது தெரிந்துதான் எழுதுகிறேன். கும்பிட்டுக் கேட்கிறேன் அண்ணே, வராதீர்கள்.

சொர்ணவல்லி