உப்புமேட்டின் உயரம்

மார்ச் 11, 2024

மரக்காணத்துக்கு இன்று ஏழாவது தடவை. ராஜவேலின் உப்பு ஆலைத் தொழிலாளர்களுக்குப் பன்னிரண்டு வீடுகள், வரைவது நான். அலுவலகத்தில் வேறு யாருக்கும் வேண்டாத வேலை. இப்போது அவர்கள் இருப்பது ஆலைக்குப் பின்னால், பள்ளத்தில், தகரக் கொட்டகை வரிசையில். உள்ளே இடுப்பு உயரத்தில் ஒரு கறைக்கோடு. போன மழையில் தண்ணீர் நின்ற அளவு என்றார் தனக்கோடி அக்கா. பன்னிரண்டு குடும்பத்துக்கும் பேசுவது அவர்தான்.

படத்தை விரித்தேன். நடுவே பொது முற்றம், சுற்றி வீடுகள். நான் பெருமைப்பட்ட முற்றத்தை அவர் கவனிக்கவே இல்லை. வெளியே அழைத்துப் போய் உப்பு குவிக்கும் மேட்டைக் காட்டினார். மழைக்கு முன்னால் உப்பை அதில் ஏற்றிப் பனையோலை வேய்ந்துவிடுவார்கள்.

“அது நனையாது மேடம். நாங்கதான் நனைவோம். உப்ப வெக்கிற ஒசரத்துல எங்கள வைங்க, போதும்.”

மார்ச் 12

படித்த எந்தப் புத்தகத்திலும் இந்த வாக்கியம் இல்லை. நேற்றைய படத்தைக் கிழித்துவிட்டேன்.

ஏப்ரல் 3

மேட்டை அளந்தேன். நாலடி. வீட்டுத் தளமும் இனி நாலடி. அக்காவின் கணவர் கலியனுக்கு முட்டி மடங்காது. அதனால் படிக்குப் பதில் சரிவுப் பாதை. வாசல் எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டேன்.

“ஆளக் கட்டிலோட தூக்கினு வெளிய வரணும். எங்க மாமியாரு செத்தப்ப ஒருக்களிச்சுதான் எடுத்தோம். அப்பவும் அது வரமாட்டேன்னு நின்னுச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். நாலரை அடி என்று குறித்துக்கொண்டேன்.

மே 20

ராஜவேல் படத்தில் தளத்தின் உயரத்தைப் பார்த்தார். “ஏம்மா, வீடு கட்றியா, தேர்முட்டி கட்றியா?” ஆனாலும் சம்மதித்தார். அவரிடம் உப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர் வீடுகளின் புகைப்படம் கேட்டிருக்கிறதாம். காரணம் எதுவானால் என்ன? வீடு வீடுதானே.

ஆகஸ்ட் 17

சுவர் எழும்பிவிட்டது. சீட்டுக் குலுக்கியதில் தனக்கோடி அக்காவுக்கு மூன்றாவது வீடு. உள்ளே போய், விளக்கு மாடத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். குடி வரும் அன்று முதலில் ஒரு மரக்கால் உப்பைத்தான் எடுத்து வருவாராம். புது வீட்டுக்குள் உப்புதான் முதலில் போக வேண்டும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இதைச் சொல்வது நாள் முழுக்க உப்பில் நிற்கிறவர்.

நவம்பர் 14

புகைப்படம் எடுத்தார்கள். மூன்றாவது வீட்டு வாசலில் தனக்கோடி அக்கா, இரவல் பட்டுப்புடவையில். கதவு இன்னும் மாட்டவில்லை; அது தெரியாமல் திரை கட்டினார்கள். குடி வருவது தையில்.

டிசம்பர் 2

புயல் முந்தாநாள் கரையேறியது. இன்றுதான் போக முடிந்தது. கொட்டகைகள் இல்லை. பன்னிரண்டு குடும்பங்களும் என் வீடுகளில் — என் வீடுகளா? — ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வாசல்களில் தார்ப்பாய். தளத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர். ஒரு பாய்கூட நனையவில்லை. கலியன் எனக்குக் கடுங்காப்பி கொடுத்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தேன். சந்தோஷம்தான், வேறென்ன.

உப்புமேட்டில் ஓலையைக் காற்று பிய்த்துப் போட்டிருந்தது. பாதி உப்பு கரைந்து ஓடிவிட்டது. அது நனையவே நனையாது என்று நம்பித்தானே அளவெடுத்தேன். ராஜவேல் மேட்டுப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குள் வந்து சுவரைத் தட்டினார், தளத்தைத் தடவினார். “ஒரு சொட்டு எறங்கலியேம்மா.”

பாராட்டு என்று நினைத்தேன்.

டிசம்பர் 9

மிச்ச உப்பை வீடுகளுக்குள் ஏற்றுகிறார்கள். சரிவுப் பாதையில் தள்ளுவண்டி சிரமமே இல்லாமல் ஏறுகிறது. நாலரை அடி வாசலில் மூட்டை இடிக்காமல் போகிறது. குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒரு மாசத்துக்குத்தான் என்கிறார் ராஜவேல். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“புது வீட்டுக்கு உப்புதானேம்மா மொதல்ல போவணும்?”

அவர் ஆட்களும் சிரித்தார்கள். தனக்கோடி அக்கா சிரிக்கவில்லை. தலையில் மூட்டை இருந்தது.

நான் ஏன் ஒண்ணும் சொல்லல? வாயில என்ன இருந்துச்சு எனக்கு?

ஜனவரி 21, 2025

தை பிறந்து ஒரு வாரம். வீடுகளில் இன்னும் உப்புதான். அலுவலகத்தில் சொன்னேன். படம் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது, அதில் யார் இருந்தால் நமக்கென்ன என்றார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பினால் ஆலையின் வியாபாரம் போய்விடும். முதலில் வேலை போவது யாருக்கு? அக்காவிடமே கேட்டேன். “வேணாம் மேடம். வீடுதான் இல்ல, வேலையாவது இருக்கட்டும்.” கடிதம் இந்த நோட்டுக்குள் மடித்தபடி இருக்கிறது.

பிப்ரவரி 15

கொட்டகைகளுக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார்கள். அதே பள்ளம்.

ஜூன் 18

ராஜவேலுக்கு இன்னும் எட்டு கட்ட வேண்டுமாம், இதே படத்தில். மாடம் மட்டும் வேண்டாம். அதற்கு முன் கட்டியவற்றைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லி அலுவலகம் என்னை அனுப்பியது. முற்றத்தில் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டில் ஆறு பெண்கள் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாக்குத் தைக்கும் நூற்கண்டு விளக்கு மாடத்தில். அதன் கீழே தனக்கோடி அக்கா.

“வாங்க மேடம், நம்ம வீடுதான். காலைல எட்டு மணிக்கு வந்துட்றேன். சாயந்தரமானா தொரத்திட்றாங்க, அவ்ளோதான்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். உட்காரச் சொல்லித் தன் சாக்கை என் பக்கம் நகர்த்தினார். உட்காரவில்லை. நான்கு மூலையிலும் ஈரம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன்.

அறிக்கை ஒரு வரி: சுவர்களில் எங்கும் ஈரம் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.