டிராக்டர் ஆயிலும் எம்டன் பஸ்ஸும்

ஹௌகே,

சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்யாதே. காலையில் மெக்கானிக் ஃபோக்கோ வந்து பார்த்தார். "இந்த டர்போ எஞ்சின்ல டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுதும்மா. உன் புருஷன் மிச்சம் பிடிக்கிறேன்னு டிராக்டர் ஆயிலை ஊத்தியிருக்கான். பெல்ட் உப்பி உதிருது" என்றார்.

நேற்றுச் சண்டையில் நீ சொன்னாயே, "நீ நம்ம ஹைபிரிட் பேட்டரி மாதிரிடி. எஞ்சினுக்குக் கைகொடுப்பே, தனியா வண்டிய நகர்த்த மாட்டே" என்று. எம்டன் நகரில் வேலைக்கான நேர்காணலுக்குத் தனியாகத்தான் போகிறேன், பஸ்ஸில். வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

வீபெக்கே

பி.கு.: பள்ளி விடுமுறை தொடங்கியதை மறந்துவிட்டேன். பள்ளி நாளில்தானே நம் ஊருக்குப் பஸ். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன், மாடியில் இருக்கிறேன். தேநீர் போட்டால் எனக்கும் ஊற்று. பேட்டரி பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.