தட்டியவனும் காது வைத்தவனும்

ஏப்ரல் 6

சகலைக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன கேடு! நான்கு நாளாகப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறாயாம். நான் எடுக்க மாட்டேன். எடுத்தால் என் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வரும். அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை கிழவியின் பாய்மரம் முறிந்துவிட்டது. நாம் இருவரும் சேர்ந்து வாங்கி, வாங்கிய அன்றே அதன் வயதைக் கேட்டுவிட்டு நீ 'கிழவி' என்று பெயர் வைத்தாயே, அந்தப் படகைத்தான் சொல்கிறேன். பெரிய காற்றும் இல்லை. கொடியில் துணி காயுமே, அந்த அளவுக் காற்று. சுக்கான் என் மகள் கையில் இருந்தது. நான் முன்பக்கம் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அவள் முகம் வெளுத்திருக்கிறது. திரும்பிப் பார்ப்பதற்குள் மரம் பாயோடு சாய்ந்து, அவள் தோளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. ஒரே ஒரு சாண். நான் கையை வைத்து அளந்து பார்த்தேன்.

படகுத் தச்சர் வந்து முறிந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளே பட்டி! கட்டைவிரல் நீளத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து, மேலே மூன்று கை பெயிண்ட் அடித்திருக்கிறது. அதற்குப் பின்னால் மரம் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தது. பிழைப்புக்கே சுவர் சுவராகப் பட்டி பார்க்கிறவன் நீ. அந்தக் கை வேலை யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

தெரிந்தே மூடியிருக்கிறாய். மூடிவிட்டு, இங்கே வரும்போதெல்லாம் அதே படகில் என் பெண்ணை உட்காரவைத்துக் கரையிலிருந்து கையாட்டியும் இருக்கிறாய். மனுஷனாடா நீ?

பதில் எழுது. போன் வேண்டாம்.

உன் சகலை


ஏப்ரல் 11

மரியாதைக்குரிய சகலை அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 'என் மகள்', 'என் பெண்' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போ எனக்கு அவள் யார்? வாரம் தவறாமல் "சித்தப்பா, சாப்டீங்களா?" என்று கேட்கிற பிள்ளை. அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தவன் நான். செய்தி தெரிந்த அன்று எனக்கு இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் போன் அடித்தேன். நீங்கள் எடுக்கவே இல்லை.

பட்டி பூசியது நான்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் பெயிண்ட் அடித்த அன்றைக்கு நடந்ததை முழுசாக நினைத்துப் பாருங்கள். மரத்தைக் கழற்றி இரண்டு முக்காலி மேல் படுக்கப் போட்டிருந்தோம். அடிப்பக்கம் தேய்க்கும்போது ஒரு இடத்தில் நகம் லேசாக இறங்கியது. "சகலை, இங்க கொஞ்சம் மெத்துனு இருக்கு" என்று அந்தக் கோடியிலிருந்த உங்களிடம் சொன்னேன். தலையாட்டினீர்கள். பதினோரு வருஷமாக நாம் செய்வதைத்தான் அப்போதும் செய்தோம். நான் அடிமுனையில் மரச்சுத்தியலால் தட்டினேன், நீங்கள் மேல்முனையில் காது வைத்தீர்கள். நல்ல மரம் என்றால் கணீரென்று கேட்கும், சொத்தை என்றால் பொத்தென்று அடங்கிவிடும். இது எனக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

"எப்படி இருக்கு?" என்று சைகையோடு கேட்டேன்.

"கணீர்னு இருக்குடா. வேலையப் பாரு" என்றீர்கள்.

இன்னொரு தடவை தட்டட்டுமா என்றும் கேட்டேன். நீங்கள் அதற்குள் டீ குடிக்கப் போய்விட்டீர்கள். சரி, மேலாக ஏதோ கீறல் என்று நினைத்துப் பட்டி வைத்தேன். உங்கள் காதை நம்பித்தான் வைத்தேன். அச்சகத்தில் இயந்திரத்தின் ஒரு பல் தப்பினாலும் அடுத்த அறையிலிருந்து கண்டுபிடித்துச் சொல்கிற காது என்று ஊரே பேசும். நான் நம்பியது தப்பா?

இன்னொன்று. அண்ணி என் மனைவியோடு பேசி ஒன்பது நாளாகிறது. அக்காவும் தங்கையும் இருபது வருஷத்தில் ஒருநாள் பேசாமல் இருந்ததில்லை. நம் சண்டையை அடுப்படிக்குள் ஏன் கொண்டுபோனீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் சகலை


ஏப்ரல் 17

சகலைக்கு,

இன்னும் உன்னை இப்படிக் கூப்பிடுவதே அதிகம்.

கடைசியில் பழியைத் தூக்கி என் தலையில் போட்டுவிட்டாய். பலே! நீ தட்டின லட்சணம் எனக்குத் தெரியாதா? தூங்குகிற குழந்தையைத் தட்டுகிற மாதிரித் தட்டியிருப்பாய். அப்படித் தட்டினால் எந்த மரமும் நல்ல மரம்தான். என் காதைப் பற்றிப் பேச உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? முப்பது வருஷம் அச்சு இயந்திரத்துப் பக்கத்தில் நின்றவன் நான். நீ பேசாதே.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடியிருந்தார்கள். உன்னைக் காணோமே என்று கேட்டார்கள். பட்டிக் கதையைச் சொன்னேன், ஒரு வார்த்தை விடாமல். உன் பெரிய மாமனார் "இவனா நம்ம வீட்டுக்கு வெள்ளையடிச்சான்? சுவரெல்லாம் சுரண்டிப் பாக்கணும்போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

தச்சர் புது மரம் செய்துகொண்டிருக்கிறார். நீளப் பலகைகளைச் சேர்த்து ஒட்டி, இழைத்து, உருளையாக்கிக்கொண்டிருக்கிறார். பழைய மரத்தின் கம்பியும் கொக்கியும் மட்டும் இதில் ஏறும். மே பத்தாம் தேதி படகில் நிறுத்துகிறோம். நீ வர வேண்டாம். பெயிண்டும் வேறு ஆள் அடிப்பான்.

இப்படிக்கு,
என் பெண்ணைப் பெற்றவன்


ஏப்ரல் 23

மரியாதைக்குரியவருக்கு,

சொந்தக்காரர்கள் சிரித்த சங்கதி உங்கள் கடிதத்துக்கு முன்பே இங்கே வந்துவிட்டது. என் மனைவி வாசல் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அன்று பிடித்த பிரஷ்ஷில் ஒரு நேர்கோடு போட முடியவில்லை.

படகில் என் பாதி இனி உங்களுடையது. ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். தனிப் பார்சலில் மரச்சுத்தியல் வரும். போன முறை மறந்துபோய் என் பையில் எடுத்துவந்துவிட்டேன். நான் மெதுவாகத் தட்டினேன் என்கிறீர்கள் அல்லவா? அந்த முறிந்த மரம் அங்கேதானே கிடக்கிறது! உங்களுக்குப் பிடித்த ஆளை விட்டு, வேண்டிய பலத்தோடு தட்டச் சொல்லுங்கள். காது வைத்துக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நான்தான் குற்றவாளி என்றால் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்.

இனி நான் எழுத மாட்டேன். போனும் செய்ய மாட்டேன்.

பிள்ளையை மிதவைச் சட்டை இல்லாமல் படகில் ஏற்றாதீர்கள்.


மே 2

சகலைக்கு,

சுத்தியல் வந்தது. பார்சலைப் பிரித்ததும் எனக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். அப்படியே அதை எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு தச்சர் பட்டறைக்குப் போனேன். நீ பொய்யன் என்று அவள் கண் முன்னாலேயே காட்டிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

புது மரமும் முறிந்த மரமும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. தச்சர் கையில் சுத்தியலைக் கொடுத்து, பலமாகத் தட்டுங்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் காது வைத்தேன். எது எது என்று தெரியாதபடி அவரே என் தலையை நகர்த்தி, முதலில் ஒன்று, அப்புறம் இன்னொன்று என்று தட்டினார். "இதுல எது சொத்தைன்னு சொல்லுங்க பாப்போம்" என்று என் வலது காதருகே குனிந்து விளையாட்டாகச் சத்தம் போட்டார். நான் கை காட்டினேன்.

கண்ணைத் திறந்தேன். நான் காட்டியது புது மரத்தை.

தச்சர் மறுபடி தட்டினார். நரம்பு புடைக்கத் தட்டினார். என் கன்னத்து எலும்பில் அதிர்வு வந்தது, சத்தம் வரவில்லை. போன வருஷம் நீ தட்டும்போதும் அதே அதிர்வுதான் வந்தது. அதை வைத்துக்கொண்டுதான் கணீர் என்றேன். என் இடது காது போய் இரண்டு வருஷம் ஆகிறது. வலது காதும் பாதிதான். அச்சகத்துக்குக் கொடுத்தது. யாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் உதட்டைப் பார்த்துச் சமாளித்தேன். போனில் உதடு தெரியாதே, அதனால் எடுப்பதில்லை. கோபம் என்று சொல்லிக்கொண்டேன். கோபம் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

மகள் எனக்கு எதிரே வந்து நின்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அப்பா, அன்னிக்கு மரம் முனகுது, முனகுதுன்னு மூணு தடவ கத்தினேன். நீங்க குனிஞ்ச தலைய நிமித்தவே இல்ல. காத்துல கேக்கலயோன்னு நெனச்சேன்." அப்புறம் என்னோடு வராமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஒரு சாண், சகலை. அதில் உன் பட்டி எவ்வளவு, என் காது எவ்வளவு என்று இப்போது எனக்குத் தெரியும்.

சொந்தக்காரர்களை மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். இந்த முறையும் ஒரு வார்த்தை விடவில்லை. உன் பெரிய மாமனார் சிரிக்கவில்லை. உன் அண்ணி அங்கேயே எழுந்துபோய்த் தங்கைக்குப் போன் போட்டாள். இன்னும் பேசி முடிக்கவில்லை என்று நினைக்கிறேன், வாய் அசைந்துகொண்டே இருக்கிறது.

உன் மேல் கோபம் முழுசாகப் போய்விட்டது என்று நினைக்காதே. ஒருத்தன் அந்தக் கோடியிலிருந்து தலையாட்டினால் அப்படியே விட்டுவிடுவதா? கையைப் பிடித்து இழுத்து, "நகத்த வெச்சுப் பாருய்யா" என்று சொல்ல வேண்டாமா? அவ்வளவு மரியாதை எனக்கு எதற்கடா?

நீ அனுப்பிய பாதியைக் கிழித்துப் போட்டுவிட்டேன். பத்தாம் தேதிக்கு முதல் நாளே வந்துவிடு. நீ மேல்முனையில் காது வைத்துச் சொல்லாமல் புது மரத்தை நிறுத்தக்கூடாது என்று தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். சுத்தியல் என்னிடம் இருக்கிறது, இனிமேல் தட்டுகிறவன் நான். உனக்கு மனசு வரவில்லை என்றால் அதையும் காகிதத்தில் எழுது.

போன் அடிக்காதே. எனக்குக் கேட்காது.

உன் சகலை