எழுத்தை அழித்த இடத்தில் நம் வீட்டு ஜன்னல்

பெரியவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, பாப்பா மூன்று பேருக்கும் உடம்புக்குக் குறையொன்றுமில்லை, அப்பாவின் முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால். நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் வாயெடுத்தால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய், உன் சிரிப்பைக் கேட்டதும் எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோகும், நீ பேசப் பழகின நாளிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. அதோடு நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் பாப்பா காதில் விழும். கடிதமென்றால் நீ குறுக்கே பேச முடியாது. அதனால் கண்ணாடிக் கடையில் மத்தியானம் ஆள் வராத நேரமாகப் பார்த்து, லென்ஸ் துடைக்கிற துணியை ஓரமாக வைத்துவிட்டு எழுதுகிறேன். முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார், பார்க்கட்டும்.

அப்பாவுக்குப் பம்பு ஹவுஸ் வேலை முடிந்துவிட்டதே தவிர மோட்டார் அவரை விடவில்லை. எதிர்வீட்டில் தண்ணீர் ஏறவில்லை என்றால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள், இவரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டே மாடி ஏறுகிறார், இறங்கி வந்ததும் தைலம் எங்கே என்று என்னைக் கேட்கிறார். நான் இங்கே எழுதப்போகிற விஷயம் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் முதலில் கத்துவார், பிறகு இரண்டு நாள் சாப்பிடமாட்டார், ரத்தக் கொதிப்பு மாத்திரை வெறும் வயிற்றில் போகும். ஆகவே இது நமக்குள் இருக்கட்டும், இருக்கிற வரைக்கும்.

உன் தங்கை பாப்பாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவள் ஏதோ பதிப்பகத்தில் யாரோ பெரிய ஓவியருக்குப் பின்னணி வரைந்து கொடுக்கிற உதவியாளர் என்றுதானே நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது பழைய கதை. ஒன்றரை வருஷமாக அவளே சொந்தமாக ஒரு மங்கா, அதுதான் அந்த ஜப்பான் பாணிப் படக்கதை, வரைகிறாள், புனைபெயரில். ரயில் நிலையத்தில் தொலைந்த சாமான்களை வைத்திருக்கிற அறையில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. மாதத்துக்கு இரண்டு அத்தியாயம் பதிப்பகத்தின் ஆப்பில் வருகிறது. உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று என்னிடமும் அப்பாவிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள். முதல் புத்தகம் அச்சாகி வந்ததும் உன் கையில் கொண்டு வந்து வைக்க வேண்டும், நீ பக்கத்தைப் புரட்டும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. படம் பார்க்கவும் படிக்கவும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதானே. பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்குப் போடுவதற்கு முன் நின்று படிக்க விட்ட காமிக்ஸையெல்லாம் நீ படித்துவிட்டு வந்து, இவளுக்கு நடித்துக் காட்டுவாய். அதையெல்லாம் அவள் மறக்கவில்லை. அந்தக் கதையில் வருகிற பெண்ணின் அடுப்படி நம் அடுப்படிதான். பாத்திரம் கழுவுகிற அம்மா நான்தான், என்னை அரைமணி நேரம் அசையாமல் நிற்க வைத்து வரைந்தாள், கை மரத்துப் போய்விட்டது. வரைந்து முடித்துப் பார்த்தால் என்னைவிடப் பத்து வயது கூடுதலாகத் தெரிகிறேன், அதற்கு அவளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் கடைக்கு ஒரு கல்லூரிப் பெண் வந்தாள். லென்ஸ் பொருத்துகிற வரைக்கும் உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்க்கச் சொல்லப் போன நான் அவள் போனைப் பார்த்தேன், நம் அடுப்படி! எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாய் வரைக்கும் வந்துவிட்டது, இது எங்க வீடும்மா என்று. ஆனால் அதில் எழுத்து வேற்று மொழியில் இருந்தது, நீ இருக்கிற ஊர் மொழி. அந்தப் பெண் அந்த மொழி படிக்கிறாளாம். பக்கத்தைச் சுற்றிலும் சூதாட்ட விளம்பரம், கண் கூசுகிற படங்கள், நடுவில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கிறேன். இது எங்கே வருதும்மா என்று கேட்டேன், சும்மாவே கிடைக்குது ஆன்ட்டி, காசெல்லாம் வேண்டாம் என்று அன்பாக எனக்கும் அந்தத் தளத்தைக் காட்டினாள். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன்.

அடுப்படி ஜன்னலின் கொக்கி உடைந்ததும், நாளைக்கே ஆளைக் கூப்பிடறேன் என்று சொல்லி, உடைந்த கரண்டியின் காம்பை அப்பா அந்தச் சந்தில் செருகி வைத்தாரே, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில். அந்த நாளை இன்னும் வரவில்லை, காம்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. பாப்பா வரைந்த பக்கத்தில் அந்தக் காம்பு இல்லை. வெளியே மழை கொட்டுகிற சத்தத்தைப் பெரிய பெரிய எழுத்தாகப் போட்டு ஜன்னலின் கீழ்ப்பாதியையே மறைத்திருந்தாள், எழுத்துக்கு அடியில் எதையும் வரையவில்லை, வெள்ளையாக விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணின் போனில் மழைச் சத்தம் ஒரு மூலையில் சின்ன எழுத்தாகப் போயிருந்தது. அது இருந்த இடத்தில் ஜன்னல் முழுசாக இருந்தது, சந்தில் கரண்டிக் காம்பு, அதன் நுனி நெளிந்தது நெளிந்தபடி.

நான் அந்தப் பெண்ணுக்கு இடது காதுப் பக்கம் கண்ணாடியைச் சரி செய்து கொடுத்தேன் என்று நினைக்கிறேன், என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. போன தடவை லீவில் வந்தபோது நீ உன் கம்ப்யூட்டரைத் திறந்து எனக்குக் காட்டினாய். ஒரு குழு இருக்கு, உலகத்துல வர்ற மங்காவெல்லாம் நான் இருக்கற ஊர் மொழியில மாத்திப் போடறோம், மத்தவங்க மொழிபெயர்ப்பாங்க, நான் பழைய எழுத்தை அழிச்சுட்டு அடியில இருக்க வேண்டிய படத்தை வரைஞ்சு நிரப்புவேன், அழிச்ச இடமே தெரியாது பாரும்மா என்றாய். அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் செய்யறீங்களா என்று நான் கேட்டதற்கு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் நான் மேலே சொன்னது.

பாப்பா அந்தப் பக்கத்தை நான் சொல்லித்தான் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நீ பார்க்கவில்லையே. அம்மா, அண்ணன் படிச்சிருக்கான்மா, என் கதையை அண்ணன் படிச்சிருக்கான் என்று கையைத் தட்டினாள். அப்புறம் எங்கே படித்தான் என்பது அவளுக்கு உறைத்தது. போனை எனக்கு முகம் காட்டாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனாள். நீ தெரிந்து செய்யவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். புனைபெயரை வைத்து உனக்கு எப்படித் தெரியும், வேலையைப் பத்தோடு பதினொன்றாகச் செய்திருப்பாய், கண் நம் வீட்டைப் பார்த்தது, கை காம்பைப் போட்டுவிட்டது, நீ அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாய். ஆனால் பெற்றவள் எதையும் நம்புவாள், அதனால் என் நம்பிக்கையை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன், உங்கள் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பேன். பதிப்பகத்தில் அந்தப் பக்கத்தைப் பதிப்பாசிரியராக இருக்கிற அம்மாவும் பார்த்துவிட்டார். கதை தொடங்கும்போது அடுப்படி இப்படித்தான் இருக்கும் என்று பாப்பா நம் வீட்டைப் போட்டோ எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறாள். போட்டோவில் காம்பு இருக்கிறது, வெளிவந்த பக்கத்தில் இல்லை, திருட்டுத் தளத்தில் இருக்கிறது. ஆப்பில் வருகிற அன்றைக்கே அந்தத் தளத்திலும் வந்துவிடுகிறதாம், அதனால் உள்ளே இருக்கிற யாரோதான் கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்கு முன்பே சந்தேகம். இப்போது அவர்கள் கை காட்டுவது உன் தங்கையை. எழுத்துப் போடாத மூலப் பக்கத்தை அவள்தான் வெளியே கொடுத்திருக்கிறாள் என்கிறார்கள். நான் கொடுக்கலை, எழுத்துக்கு அடியில நான் எதையும் வரையவே இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அப்போ உங்க வீட்டு ஜன்னலை இவ்வளவு நல்லாத் தெரிஞ்சவங்க வேற யாரு என்று பதிப்பகத்து வக்கீல் கேட்டாராம். தெரியாது என்று சொன்னாளாம். நம் பாப்பா பொய் சொன்னாள். பரீட்சையில் மார்க் கூடப் போட்டுவிட்டார்கள் என்று டீச்சரிடம் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டின பெண் அவள்.

அடுத்த மாதத்தின் முதல் வியாழக்கிழமை அவளை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள், எழுத்து மூலமாகப் பதில் சொல்ல. பதில் இல்லையென்றால் கதையை நிறுத்திவிடுவார்கள், புத்தகமும் வராது, திருட்டுக்குத் துணை போனவள் என்ற பெயரோடு இன்னொரு பதிப்பகத்தின் படியேற முடியாது. உன் பெயரைச் சொன்னால் அவளுக்கு விடுதலை. சொல்லேன்டி என்றேன். சொன்னா அண்ணன் மேல கேஸ் போடுவாங்கம்மா, வேத்து ஊர்ல இருக்கான், வேலை போயிடும் என்கிறாள். மேசையில் உட்கார்ந்து பென்சிலைச் சீவுகிறாள், சீவிச் சீவி வைக்கிறாள், ஒரு கோடு போடவில்லை.

காசில்லாதவன் எப்படிப் படிப்பான் என்று, கம்ப்யூட்டரைக் காட்டின அன்றைக்கு, சிரித்து முடித்துவிட்டு நீ கேட்டாய். அது நியாயமான கேள்விதான், உனக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுக்க முடியாமல் இருந்தவள் நான், அந்தக் கேள்வியை என்னால் தள்ள முடியாது. ஆனால் பேப்பர் கடையில் நீ படித்தது யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிப் படித்து முடித்த புத்தகம். நூலகத்தில் எடுத்ததும் அப்படித்தான். நீங்கள் செய்வது ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற தருமம். பாப்பாவின் ஆப்பில் புது அத்தியாயம் ஒரு வாரம் எல்லோருக்கும் இலவசம், பழசைப் படிக்க ஒரு டீ காசு. இலவசமாகப் படித்தாலும் அங்கே படித்தால் இத்தனை பேர் படித்தார்கள் என்று அவளுக்குக் கணக்கு வரும், அந்தக் கணக்கை வைத்துத்தான் கதை தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறார்கள். காசில்லாதவங்க தாராளமாப் படிக்கட்டும்மா, ஆனா என்கிட்ட வந்து படிக்கட்டும் என்கிறாள். உன் ஊர் மொழியில் இது வரவே இல்லையே என்று சொல்வாய். வருவதாகத்தான் இருந்தது. அந்த ஊர்க் கம்பெனி ஒன்று கேட்டு வந்திருக்கிறது, பேச்சு பாதி நடந்திருக்கிறது. எங்க ஆளுங்க எல்லாரும் ஏற்கெனவே படிச்சு முடிச்சுட்டாங்களே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தளத்தில் இந்தக் கதைக்குக் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் உருகி உருகி எழுதியிருக்கிறார்கள், அடுத்தது எப்போ வரும் என்று. இவ்வளவு பேர் விரும்புகிற கதை, இந்த விசாரணையில் தப்பினாலும், படிக்க ஆளில்லை என்று நிற்கப்போகிறது.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இந்தக் கடிதம் வியாழக்கிழமைக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடும் என்று கூரியர்காரர் சொல்லியிருக்கிறார். பதிப்பகத்துக்கு நீயே எழுது. அந்தப் பக்கத்தை வரைந்தது நான், எனக்கு யாரும் மூலப் பக்கம் கொடுக்கவில்லை, நான் வளர்ந்த வீடு என்பதால் கை தெரிந்து வரைந்தது என்று உன் பெயரைப் போட்டு எழுது. உன் குழுவிடம் சொல்லிப் பக்கங்களை எடுக்கச் சொல், கேட்காவிட்டால் நீயாவது வெளியே வா. கேஸ் போடுவார்களா, மாட்டார்களா, எனக்குத் தெரியாது, போட்டால் எதிர்கொள்வோம், வீட்டை அடகு வைத்தாவது உன் பக்கம் நிற்பேன். ஆனால் அவளை உனக்குப் பதிலாக நிற்க வைக்க மாட்டேன். நீ எழுதாவிட்டால் அந்த வியாழக்கிழமை காலையில் நான் அவளோடு போகிறேன். அவள் கையைப் பிடித்து இழுத்தாலும், வாயைப் பொத்தினாலும், உன் பெயரை நான் சொல்வேன். பெற்ற வாயால் அதைச் சொல்லிவிட்டு வந்து, அன்றைக்குச் சாயந்திரம் உனக்குப் போன் பண்ணி சாப்பிட்டாயா என்று கேட்க என்னால் முடியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை. என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தாதே ராசா.

நீ நல்லவன், கெட்ட எண்ணத்தில் எதையும் செய்கிறவன் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆயுசோடும் ஆரோக்கியத்தோடும் இரு, எந்த இடத்திலும் தலைகுனியாமல் நிற்கிற தைரியம் உனக்கு வரட்டும். சளிக்கு ஆவி பிடி, மாத்திரையை மட்டும் நம்பாதே. ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள். பதிப்பகத்துக்கு எழுதுவதற்கு முன்னால் பாப்பாவுக்குப் போன் பண்ணு. எடுத்ததும் மன்னிப்புக் கேட்காதே, அதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கதை எப்படி இருந்தது என்று முதலில் சொல். இத்தனை நடந்த பிறகும் நீ படித்தது உனக்குப் பிடித்திருந்ததா என்று அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

என்றும் உன் நல்லதையே நினைக்கும்,
அம்மா